ரத்தக்காட்டேரி மன்னிப்புக் கேட்கிறான்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, என் மகளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போக அவள் புருஷன் வருவதாக இருந்தது. காலை ஒன்பதரைக்கே அவள் பெட்டியைக் கட்டில்மேல் திறந்து வைத்து, ஒற்றைக் கையால் துணி மடிக்க ஆரம்பித்துவிட்டாள். இன்னொரு கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. அந்தக் கையை முறித்தவன் வீட்டுக்குப் போகத்தான் இந்தக் கை துணி மடிக்கிறது. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. ஆறரை மணி நேரத்துக்குள் அவள் மனத்தை மாற்றியாக வேண்டும். அன்றைக்கு எனக்கு உலகத்தில் வேறு வேலையே இல்லை.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மாதாமாதம் கடைகளில் தொங்கும் பாக்கெட் நாவல்களில் ரத்தக்காட்டேரிக் கதை எழுதுகிறவள். ஒன்றிரண்டு வருடமல்ல, முப்பத்தோரு வருடம். அச்சகத்தில் என்னை ‘ரத்தக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் கோபம் வந்தது, பிறகு பழகிவிட்டது. இப்போது வெளியில் யாராவது வெறுமனே ‘அக்கா’ என்று கூப்பிட்டால், முன்னால் ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கிறது.

ஆரம்பத்தில் என் காட்டேரி வெறும் ‘அது’. அதற்குப் பேச்சு வராது. நகம் சுருண்டிருக்கும், வாயில் ஈர மண் நாறும். புதைகுழியிலிருந்து எழுந்து வந்து கடிக்கும், கடிபட்டவர்கள் சாவார்கள். செத்த ஒவ்வொரு பெண்ணுக்கும் நான் அடக்கம் எழுதுவேன். அவள் அம்மா எந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள், வாசலில் கிடந்த செருப்பை யார் எடுத்து உள்ளே வைத்தார்கள், பக்கத்து வீட்டுக்காரி என்ன சொல்லித் தேற்றினாள், ஒன்று விடமாட்டேன். கடைசியில் ஊரே திரண்டு வந்து அதன் நெஞ்சில் கூர்க்கட்டையை இறக்கும். அச்சகத்தில் என் கதைக்கு எழுத்துக் கோத்த மனிதர் ஒருவர், நாலு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். அதைவிடப் பெரிய விருது எனக்கு இதுவரை யாரும் கொடுக்கவில்லை.

ஆறேழு வருடத்தில் வாசகர்களுக்குச் சலித்துவிட்டது. அதுக்கு ஒரு கோட்டு மாட்டிவிடுங்கக்கா என்றார் பதிப்பாளர். மாட்டிவிட்டேன். கோட்டு வந்ததும் பேச்சு வந்தது, பேச்சு வந்ததும் பெரிய மாளிகை வந்தது, ‘அது’ போய் ‘அவன்’ ஆயிற்று. அவன் கடித்தால் பெண்கள் அலறுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள். அப்புறம் வாசகிகளின் கடிதங்கள். பாவம், எத்தனை நூறு வருடமாகத் தனியாகவே இருக்கிறான், அவனுக்கென்று ஒருத்தி கிடைக்கக் கூடாதா என்று மூட்டை மூட்டையாக வந்தன. அவனால் பெண்ணைப் பறிகொடுத்தவர்கள் யாரும் கடிதம் போடவில்லை. அவர்கள் என் கதைக்குள் அல்லவா இருந்தார்கள், எப்படிப் போடுவார்கள்.

ஆகவே காதல் வந்தது. காதல் வந்ததும் மனசாட்சியும் வந்து தொலைத்தது. மனித ரத்தம் வேண்டாமென்று ஆட்டு ரத்தத்துக்கு மாறினான், அதிலிருந்து ஆஸ்பத்திரி ரத்தப் பைக்கு மாறினான். வெயில் பட்டால் கருகிச் சாம்பலாகிறவன் குடை பிடித்துக்கொண்டு கல்லூரிக்குப் போனான். அப்புறம் குடையும் போயிற்று. வாசகிகள் கடிதத்தில் ‘அவர்’ என்று எழுத ஆரம்பித்தார்கள், நானும் மரியாதையாக மாறிக்கொண்டேன். மிச்சமிருந்தது பல் ஒன்றுதான். அதையும் சிரிக்கும்போது மட்டும் தெரிகிற மாதிரி எழுதினேன்.

ஆனால் பல் இருக்கிறவன் கடிக்காமலே இருந்தால் கதை நகராது. அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். நாவலுக்குப் பன்னிரண்டு அத்தியாயம். ஒன்பதில் அவன் தன்னை மறந்து அந்தப் பெண்ணைக் காயப்படுத்துவான். பத்தில் அவள் பிரிந்து போவாள். பதினொன்றில் மன்னிப்புக் கேட்பான். பன்னிரண்டில் விடியும். இதில் பதினொன்றுதான் உயிர். கடையில் நின்றபடியே முதலில் பதினொன்றைத்தான் புரட்டுவார்களாம். பதிப்பாளர் தொலைபேசியில் என் உடம்பு எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்க மாட்டார், பதினொன்று எப்படி வந்திருக்கிறது என்றுதான் கேட்பார். எழுதி முடித்ததை நான் திரும்பப் படித்ததே கிடையாது. அடுத்த மாதம் கழுத்தில் கத்தி வைத்துக்கொண்டு நிற்கும்போது போன மாதத்தை யார் நினைத்துப் பார்ப்பார்கள். இதையெல்லாம் தட்டச்சு செய்தவள் என் மகள். பதினைந்து வயதிலிருந்து கல்யாணம் ஆகிற வரைக்கும் அவள்தான். என் கையெழுத்து எனக்கே சில சமயம் புரியாது, அவளுக்குப் புரியும்.

இப்போது மாப்பிள்ளைக்கு வருகிறேன். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எனக்குக் கண்ணாடி மாற்றப் போனபோதுதான் முதல் தடவை பார்த்தேன். எதிரே குனிந்து, விரல் மேலே படாமல் காதோரம் சட்டத்தை மாட்டிவிட்டு, “வலிக்குதாங்க?” என்று கேட்டான். அவ்வளவுதான், நான் கவிழ்ந்துவிட்டேன். அவனிடம் முதலில் மயங்கியது என் மகள் அல்ல, நான். ஜாதகத்தையோ வருமானத்தையோ விசாரிக்கவில்லை. அந்தக் குரலை வைத்தே முடித்துவிட்டேன்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் அவள் பையும் கையுமாக வந்து நின்றாள். இடது காதுக்குக் கீழே கன்றிப் போயிருந்தது. கேட்டதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கூரியரில் கடிதம் வந்தது, மஞ்சள் தாளில் நாலு பக்கம். ‘உன்னைத் தொட்ட கையை நான் என் கையென்று சொல்ல மாட்டேன்’ என்று தொடங்கியது. படிக்கப் படிக்க எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டாம் பக்கத்தில் தேம்பியே அழுதேன். என் நாவல்களில் இப்படி ஒரு வரி வந்ததில்லையே என்று பொறாமைகூடப் பட்டேன்.

“இப்படி எழுதத் தெரிஞ்சவன் மனசுல ஈரம் இல்லாம இருக்காது, பாப்பா. போயிட்டு வா,” என்றேன்.

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “நிஜமாத்தான் சொல்றியாம்மா?” என்று கேட்டாள். நிஜமாகத்தான் என்றேன். அன்றைக்கே போய்விட்டாள்.

எட்டு மாதம் கழித்து, மாவுக்கட்டோடு வந்தாள். கதவு இடுக்கில் கை மாட்டிக்கொண்டதாம். அவள் ஒரு பொறியாளர் அலுவலகத்தில் கட்டட வரைபடம் போடுகிறவள், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று மற்றவர்களுக்குச் சொல்வதே அவள் பிழைப்பு. நான் ஒன்றும் கேட்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு பத்து நாள் சாதம் பிசைந்து கொடுத்தேன். அவன் இந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை கடிதம் வந்தது. அதே மஞ்சள் தாள். கடைசி வரியில் நாலு மணிக்கு வருகிறேன் என்றிருந்தது. அவள் படித்தாள், மடித்து மேசைமேல் வைத்தாள், பெட்டியை எடுக்கப் போனாள்.

நான் கடிதத்தை எடுத்துப் பிரித்தேன். ஆறாவது வரியில் நின்றேன். ‘உன் கண்ணீரை நான் இனி ஒருபோதும் ஜன்னலைச் சாத்த மாட்டேன்.’

திரும்பப் படித்தேன்.

இந்த வாக்கியத்தை எனக்குத் தெரியும். இதற்காக நான் பதிப்பாளரிடம் ஒரு வாரம் சண்டை பிடித்திருக்கிறேன். நான் எழுதியது வேறு. உன் கண்ணீரை நான் இனி ஒருபோதும் பார்க்கச் சகிக்க மாட்டேன், நீ உறங்கும் அறையின் ஜன்னலைச் சாத்த மாட்டேன் என்று எழுதியிருந்தேன். அச்சகத்தில் பக்கம் கட்டுகிறபோது நடுவில் ஒரு வரி விட்டுப்போயிற்று. பத்தாயிரம் பிரதி அப்படியே அச்சாகிவிட்டது. மானம் போச்சே என்று நான் குதித்தேன். ஒரு வாசகர்கூடக் கண்டுபிடிக்கலியேக்கா, யாரு வரி வரியா படிக்கிறா என்று பதிப்பாளர் சிரித்தார். என் மாப்பிள்ளையும் வரி வரியாகப் படிக்கவில்லை. பார்த்து எழுதியிருக்கிறான். மன்னிப்புக் கேட்கிறபோது என்ன கேட்கிறோம் என்றுகூட அவன் கவனிக்கவில்லை.

அலமாரியைத் திறந்து புத்தகங்களைத் தரையில் கொட்டினேன். பெயர் ஞாபகமில்லை, வருடம் ஞாபகமில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பதினொன்றாம் அத்தியாயத்தைப் புரட்டினேன். அரை மணி நேரத்தில் கிடைத்தது. நாலு மணிக்கு வருகிறேன் என்ற வரியைத் தவிர, முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை அதுவேதான். ‘மாளிகை’ என்று வருகிற இடத்தில் மட்டும் ‘வீடு’ என்று மாற்றியிருந்தான். அந்த அளவுக்குப் புத்தி இருந்திருக்கிறது.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. அவள் கைப்பையைத் துழாவினேன். எட்டு மாதத்துக்கு முந்தைய கடிதம் மடித்த மடிப்போடு அதில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மறுபடி தரையில் உட்கார்ந்தேன். ‘உன்னைத் தொட்ட கையை நான் என் கையென்று சொல்ல மாட்டேன்.’ இருபத்து மூன்றாவது புத்தகத்தில் இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் நான் எழுதியது. நான் பெற்ற வரியை எனக்கே அடையாளம் தெரியவில்லை. அதைப் படித்து அழுது, பொறாமைப்பட்டு, என் பெண்ணை என் கையால் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் பதிப்பாளருக்கு போன் போட்டேன். யாரிடமாவது கத்த வேண்டும், அவ்வளவுதான். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பெண்ணின் கையைப் பற்றி ‘அடடா’ என்றார். பிறகு, இதில் நான் வருத்தப்பட என்ன இருக்கிறது, எழுத்தாளருக்கு இதைவிட மரியாதை உண்டா என்றார்.

“நம்ம புக்கு பாதி ஆம்பளைங்கதான் வாங்குறாங்கக்கா. எதுக்கு வாங்குறாங்கன்னு நெனச்சீங்க? பதினொன்னை மட்டும் தனியா ஒரு சின்ன புக்கா போடச் சொல்லி எத்தனை பேர் கேட்டிருக்காங்க தெரியுமா?”

நான் போனை வைத்துவிட்டேன். பாதி என்றால் ஐயாயிரம். எத்தனை வீட்டில் எத்தனை பெண்கள் என் வரிகளைப் படித்துவிட்டுப் பெட்டி கட்டினார்களோ. அதை எண்ணிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. எனக்கு உள்ளறையில் ஒருத்தி இருக்கிறாள், மணி பன்னிரண்டாகிவிட்டது.

இரண்டு கடிதங்களையும் இரண்டு புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கட்டில்மேல் அவள் முன்னால் விரித்து வைத்தேன். பாரு, எழுத்துக்கு எழுத்து பாரு, ஒரு வார்த்தைகூட அவனுடையதில்லை என்றேன். இதைப் பார்த்ததும் அவள் இடிந்து போவாள், பெட்டியை மூடுவாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. “தெரியும்மா,” என்றாள்.

“என்ன தெரியும்?”

“போன தடவையே தெரியும். நான் டைப் அடிச்சதுதானே. ரெண்டாவது வரியிலயே தெரிஞ்சிடுச்சு.”

அப்புறம் ஏன் போனாய் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“நீ அழுதியே. உன் வரின்னு தெரிஞ்சுதான் அழுறன்னு நெனச்சேன். தெரிஞ்சேதான் போகச் சொல்றன்னு நெனச்சேன். எழுதுனவளே போன்னு சொல்றா, அப்ப வாழ்க்கைன்னா இதுதான் போலன்னு போனேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “உனக்கு ஞாபகமே இல்லையாம்மா?”

இல்லை என்று தலையாட்டினேன். அவள் ஒரு பாவாடையை மோவாய்க்குக் கீழே அழுத்திப் பிடித்து, ஒற்றைக் கையால் மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

பிறகு அவளே அவனுக்காகப் பேச ஆரம்பித்தாள். கடைப் பலகையைத் தவிர எதையும் படிக்காதவராம். தினத்தாள்கூடப் பார்க்க மாட்டாராம். அப்படிப்பட்டவர் உட்கார்ந்து, என் புத்தகங்களைத் தேடி எடுத்து, பொருத்தமாக ஒரு பகுதியைக் கண்டுபிடித்து, கைப்பட நாலு பக்கம் எழுதியிருக்கிறாரே, அந்த மெனக்கெடல் யாருக்காக என்று கேட்டாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமையைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது.

“என்னடி மெனக்கெட்டான்? எந்தப் புக்கைத் திறந்தாலும் பதினொன்னுல அதுதான் இருக்கும்.”

கெஞ்சினேன். அதட்டினேன். செத்துப்போன அவள் அப்பாவை இழுத்தேன். அவள் படித்த படிப்பைச் சொன்னேன், முறிந்த கை வரைபடம் போடுகிற கை என்று சொன்னேன். காலில் விழட்டுமா என்றுகூடக் கேட்டேன். இதெல்லாம் என் கதாநாயகிகளின் அம்மாக்கள் பத்தாவது அத்தியாயத்தில் பேசுகிற பேச்சு என்பது பேசும்போதே தெரிந்தது. அந்த அம்மாக்களை நான் எப்போதும் கொஞ்சம் முட்டாள்களாகத்தான் எழுதுவேன். காதல் புரியாத ஜென்மங்கள். வாசகிகளுக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது.

கடைசியில், மணி மூன்றைத் தொடும்போது, அவள் சலிப்போடு சொன்னாள். “பன்னண்டுல எல்லாம் சரியாயிடுதேம்மா. நீதானே எழுதுற.”

“பன்னண்டுக்கு அப்புறம் நான் எழுதுறதில்ல, பாப்பா. அடுத்த மாசம் வேற பொண்ணு வந்துடுறா.”

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. அவள் கையும் நின்றது. முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஆமா,” என்றாள் மெதுவாக. “அவன் அதே ஆளு. பொண்ணு மட்டும் மாசா மாசம் மாறுது.” தட்டச்சு செய்த காலத்தையெல்லாம் மனத்துக்குள் புரட்டுகிறாள் என்று தெரிந்தது. “முந்தின மாசத்துப் பொண்ணெல்லாம் எங்கம்மா போனாங்க?”

முப்பத்தோரு வருடத்தில் இதை ஒருத்தரும் கேட்கவில்லை. வாசகர் கேட்கவில்லை, பதிப்பாளர் கேட்கவில்லை, எழுதியவளும் கேட்டுக்கொள்ளவில்லை. நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். பொய் சொல்ல எனக்கு நன்றாக வரும். அன்றைக்கு வரவில்லை.

“செத்துத்தான் போயிருப்பாங்க. வேற எங்க போவாங்க. ஆரம்பத்துல ஒவ்வொருத்தியையும் பொதைச்சேன், கூட உட்கார்ந்து அழுதேன். அவனுக்குக் கோட்டு மாட்டினப்புறம் பொதைக்கிறதை விட்டுட்டேன். அவன் ஒண்ணும் மாறல, பாப்பா. நான் பொணத்தைக் காட்டுறதை நிறுத்திட்டேன், அவ்வளவுதான்.”

அவள் மிச்சமிருந்த இரண்டு துணியை மடிக்காமலே உள்ளே திணித்தாள். பெட்டியை முழங்காலால் அழுத்தி மூடி, இடது கையால் பூட்டை அமுக்கினாள். போகிறாளா இருக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. சமையலறைக்குப் போய் ஒரு தம்ளர் தண்ணீரை நின்றபடியே குடித்தேன்.

பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டான். எங்கள் வீடு மாடி. படியேறி வருகிற சத்தம்கூடக் கேட்காது, அவ்வளவு மெதுவாக நடப்பான். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சிறிய பெட்டி. எனக்குப் புதுக் கண்ணாடியாம், இதைப் போட்டுக்கொண்டால் எழுதும்போது கண் வலிக்காதாம். அவள் உள்ளறை வாசலில் பெட்டியோடு நின்றாள். அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தான். அவள் கையில் இருந்த கட்டின் பக்கம் அவன் கண் போகவே இல்லை.

நான் அவன் எதிரில் போய் நின்றேன். இரண்டு கடிதத்தையும் நீட்டினேன். இது யார் எழுதியது என்று கேட்டேன். ஜன்னல் வாக்கியத்தை வாய்விட்டுப் படித்து, இதற்கு அர்த்தம் சொல்லு, உனக்கு வாய் இருக்கிறதே, அன்றைக்கு அவள் கை எப்படி முறிந்தது என்று உன் வாயால் ஒரு தடவை சொல்லு என்றேன். மழுப்புவான், மறுப்பான், அகப்பட்டுக்கொள்வான் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அவன் மறுக்கவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

“ஆமாத்தை. உங்க புக்குதான். என்கிட்ட ஏது அந்த மாதிரி வார்த்தை? உங்களை மாதிரி யாரால எழுத முடியும்? உங்க எழுத்தைப் படிச்சுப் படிச்சுத்தான் நான் கொஞ்சமாவது மனுஷனா மாறிட்டு வர்றேன்.”

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அவன் யார், என்ன செய்தவன் என்று தெரிந்தும் குளிர்ந்தது. முகம் என்னை அறியாமல் இளகிவிட்டது போலிருக்கிறது. மகள் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சமாளித்துக்கொள்வதற்குள் அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் இருவருக்கும் நடுவே நடந்து வந்தாள். வாசல்படியில் நின்று செருப்பை மாட்டினாள். வண்டி கீழேதான் நிற்கிறது, பெட்டியைக் கொடு என்று அவன் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

“நான் பஸ்ல போறேன். ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிறவ வீட்டுக்கு. உங்க ரெண்டு பேர்கிட்டயும் என்னால இருக்க முடியாது.”

யாரையும் திட்டவில்லை, அழவில்லை. படியிறங்கிவிட்டாள். நான் ‘பாப்பா’ என்றேன். நிற்கவில்லை. காலையிலிருந்து இதற்காகத்தான் உயிரை விட்டேன், அவள் அவனோடு போகக் கூடாது என்றுதான். போகவில்லை. ஆனால் என்னையும் அவனோடு சேர்த்து ஒரே தட்டில் வைத்துவிட்டுப் போகிறாள் என்பது நெஞ்சை அறுத்தது. அதில் தப்பு என்று சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை என்பது அதைவிட அறுத்தது.

“நீங்களாவது சொல்லுங்கத்தை,” என்றான் அவன், கூட்டாளியிடம் பேசுகிற மாதிரி. சொல்லிக்கொண்டே படியை நோக்கி நகர்ந்தான்.

எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் நின்றால் தெரு முழுவதும் தெரியும். தெருக்கோடியில் பஸ் நிறுத்தம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் கையோடு அவள் அங்கே போய்ச் சேர நாலு நிமிடமாவது ஆகும். இவன் வண்டியில் அரை நிமிடத்தில் போய்விடுவான். பக்கத்தில் நிறுத்தி, குனிந்து, அந்தக் குரலில் ஏதாவது சொல்வான். நடுத்தெருவில் அவள் எத்தனை தடவை மாட்டேன் என்று சொல்வாள்? என் புத்தகங்களில் ஒருத்திகூட இரண்டு தடவைக்கு மேல் சொன்னதில்லை. நான் பின்னாலேயே பாய்ந்து அவன் சட்டையை முதுகுப்புறம் கொத்தாகப் பிடித்தேன். இன்னொரு கையைக் கைப்பிடிக் கம்பியில் சுற்றிக்கொண்டேன். அறுபது வயதில் எனக்கு இவ்வளவு பிடி இருக்கும் என்று எனக்கே தெரியாது.

“கையை எடுங்கத்தை,” என்றான். நான் எடுக்கவில்லை. மறுபடியும் அதே மாதிரி மரியாதையாகச் சொன்னான். மூன்றாவது தடவையும் சொன்னான். பிறகு மேலே பார்த்தான், கீழே பார்த்தான். படியில் யாருமில்லை. எதிர்வீட்டு ஜன்னல்கள் மூடியிருந்தன. அதையெல்லாம் பார்த்து முடித்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினான். முகத்தில் கோபமே இல்லை. ஒன்றுமே இல்லை. என் ஆட்காட்டி விரலை மட்டும் சட்டையிலிருந்து பிரித்து எடுத்துப் பின்பக்கமாக வளைக்க ஆரம்பித்தான். அவசரமே இல்லை. கண்ணாடிச் சட்டத்தை அளவு பார்த்து வளைக்கிற கை அது. அவளுக்கும் இப்படித்தான் நிதானமாகச் செய்திருக்கிறான் என்று எனக்கு அப்போது புரிந்தது.

வலியை நான் முப்பத்தோரு வருடம் எழுதியிருக்கிறேன். சுரீர் என்று எழுதியிருக்கிறேன், மின்னலென்று எழுதியிருக்கிறேன், இனிமையான வலி என்றுகூட எழுதித் தொலைத்திருக்கிறேன். ஒரு வரிகூடச் சரியில்லை. உள்ளே ஏதோ விட்டுப்போகிற சத்தம் எனக்குக் கேட்டது. தொண்டை வரை வந்த கத்தலை உதட்டைக் கடித்து நிறுத்தினேன். கத்தினால் தெருவில் அவளுக்குக் கேட்கும். கேட்டால் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வருவாள். எனக்கு அவளைத் தெரியும், என்மேல் எவ்வளவு கசப்பிருந்தாலும் வந்துவிடுவாள்.

மிச்சமிருந்த விரல்களால் சட்டையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அவன் அடுத்த விரலைப் பிரிக்கத் தொடங்கினான். கம்பிக்கு மேலாகத் தெரு தெரிந்தது. அவள் பெட்டியைக் கீழே வைத்துக் கையை உதறிக்கொண்டாள், மறுபடி தூக்கினாள், நடந்தாள். நிறுத்தத்தில் இருந்த யாரோ ஒரு பெண்மணி பெட்டியை வாங்கிக்கொண்டாள். பஸ் வந்து நின்றது. கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அவள் ஏறினாள். கண்டக்டர் கை கொடுத்தார். பஸ் கிளம்பி, மூலையில் திரும்பி, மறைந்தது.

அதற்கப்புறம்தான் கத்தினேன்.